ராசாவின் சாம்பல் கட்டமும் ஓர் ஈரச் சாரமும்

நான் வேலை செய்த தையல்கூடத்தில் இப்போது மேசைப் பொறுப்பில் இருக்கும் பிள்ளை போன மாதம் தொலைபேசியில் அழைத்தாள். இங்கே கனடாவிலேயே பிறந்து வளர்ந்தவள். “அங்கிள், நியூஸ் தெரியுமே? இனி டார்ட்டன் நெய்விக்கத் தேவையில்லையாம். அக்டருக்குப் ப்ளெயின் கிரே கில்ட் போட்டுவிட்டா காணும். கட்டத்தைப் பிறகு கொம்பியூட்டரிலை போடுவினமாம்” என்றாள். “நீங்கள் அந்த ராசா படத்துக்கு எப்பிடிச் செய்தனீங்கள் எண்டு ஒருக்கா எழுதித் தாங்கோ. இங்கை ஒருத்தருக்கும் தெரியாது” என்றாள்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன் நான். எழுதிப் பழக்கமில்லை. அந்தப் படத்தைப் பற்றி எழுதினால் எங்கள் கீழ்வீட்டு யோகமக்காவைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும், அதற்கு அவ சம்மதிப்பாவோ என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகு போய்க் கேட்டேன். “எழுதும், எழுதும். ஆனா என்னை அழுமூஞ்சியாய்க் காட்டிப்போடாதையும்” என்றா. ஆகவே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக முதலில் ஒன்று. கில்ட் என்பது ஸ்கொட்லாந்து ஆண்கள் இடுப்பில் கட்டும் கம்பளி உடை. முன்பக்கம் தட்டையாக இருக்கும், பின்பக்கம் முழுவதும் மடிப்பு. அந்தக் கட்டம் போட்ட துணிக்குத்தான் டார்ட்டன் என்று பெயர். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஊருக்கும் படைக்கும் ஒவ்வொரு கட்டம். ரொறன்ரோவில் எடுக்கப்படும் படங்களுக்கும் நாடகங்களுக்கும் உடுப்புத் தைத்துக் கொடுக்கும் கூடம் ஒன்றில் நான் கில்ட் தைத்தேன். ரொறன்ரோவை அடுத்த மார்க்கம் நகரில் இருக்கும் என் மச்சான் கலியாண வீடுகளில் என்னை அறிமுகப்படுத்துவதே இப்படித்தான்: “இவர் வெள்ளைக்காரருக்குச் சாரம் மூட்டுறவர்.” சாரம் என்பது எங்கள் ஆண்கள் இடுப்பில் சுற்றும், இரு முனையையும் சேர்த்து மூட்டிய கட்டத் துணி, லுங்கி.

அந்த வேலைக்கு வந்த பாதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். பள்ளிக்கூடம் விட்டதும் யாழ்ப்பாணத்தில் ஒரு தையற்கடை. பிறகு கொழும்பு. பிறகு இங்கே, குளிர்கால மேலங்கி தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் பொத்தான் துளை போடும் மெசின். அந்தத் தொழிற்சாலையை மூடினார்கள். கையால் தைக்கத் தெரிந்தவர் தேவை என்று அறிந்து, ஏரிக்கரைப் பக்கம் இருந்த ஒரு பழைய களஞ்சியக் கட்டடத்தின் படிகளில் ஏறினேன். மேலே மோராக் இருந்தார்.

மோராக் ஸ்கொட்லாந்தில் பிறந்தவர். நெட்டையான பெண்மணி. நரைத்த கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் குத்தியிருக்கும், வாயில் எப்போதும் குண்டூசிகள். அவருடைய ஆங்கிலம் எனக்கு முதல் வருடம் விளங்கவே இல்லை. என்னுடையது அவருக்கு விளங்கியதா என்று இன்றுவரை தெரியாது. தையல் சரியென்றால் ஒன்றும் சொல்லாமல் அடுத்த மேசைக்குப் போய்விடுவார். பிழையென்றால் தையல் பிரிக்கும் சின்னக் கத்தியை எடுத்து என் கைக்குப் பக்கத்தில் வைப்பார். அவ்வளவுதான். அந்தக் கத்தி மேசையில் படும் சத்தத்துக்குப் பயந்தே நான் நல்ல தையல்காரன் ஆனேன்.

அவருக்குச் சில விதிகள் இருந்தன. வெளித்துணி எதுவும் கூடத்துக்குள் வரக்கூடாது. கம்பளி தின்னும் பூச்சி எதில் வருமென்று தெரியாது. தைத்தவன் தான் தைத்ததை ஒருமுறையாவது உடுத்து, படி ஏறி இறங்கி, கதிரையில் இருந்து எழும்பிக் காட்ட வேண்டும். முதல் நாள் எனக்கு வெட்கம் தாங்கவில்லை. உடுத்ததும் என் கை தானாகவே இடுப்பில் துணியை இழுத்து, முறுக்கி, உள்ளே செருகப் போனது. மோராக் வாயிலிருந்த குண்டூசிகளைக் கையில் துப்பிவிட்டுச் சிரித்தார். “வார் இருக்கிறது. கொக்கி இருக்கிறது. இதை ஒருவரும் உன்னிடமிருந்து பறிக்கப் போவதில்லை” என்றார்.

கில்ட்டின் கெட்டித்தனம் பின்மடிப்பில்தான் இருக்கிறது. ஏழெட்டுக் கெஜத் துணியை மடித்து ஒரு மனிதனின் பின்பக்கத்துக்குள் அடக்க வேண்டும். அடக்கிய பிறகும் கட்டம் குலையக்கூடாது. மடிக்காத முன்பக்கத்தில் எந்தக் கட்டம் தெரிகிறதோ அதே கட்டம் பின்னாலும் தெரிய வேண்டும். ஒவ்வொரு மடிப்பும் இடுப்பில் ஒடுக்கமாகவும் கீழே கொஞ்சம் அகலமாகவும் இருக்கும். முதல் மடிப்பில் ஒரு நூல் தவறினால் கடைசி மடிப்பில் கோடு ஒரு விரல் தள்ளி நிற்கும். படைவீரர் மடிப்பு வேறு: ஒரே கோட்டை ஒவ்வொரு மடிப்பின் நடுவிலும் நிறுத்துவார்கள். அரச குடும்பத்து ஆளுக்குப் படைவீரர் மடிப்பு வைத்து ஒருவர் அனுப்பியதை மோராக் ஒரு படத்தில் பார்த்துவிட்டு, அந்த வாரம் முழுவதும் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அது எங்கள் கூடத்தில் தைத்ததுகூட அல்ல.

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு வசந்தத்தில் அந்த வேலை வந்தது. ஒரு பழைய ராசாவின் கதை. தொலைக்காட்சிக்கு எடுக்கிறார்கள். கதையின் முடிவில் ராசா தன்னுடைய ஸ்கொட்லாந்துக் காணியில் தனியே நடந்து போகிறார். பின்னாலிருந்து எடுப்பார்களாம்.

“முகம் தெரியாதா?” என்று மோராக் கேட்டார்.

“தெரியாது. பின்பக்கம் மட்டும். துணியைப் பார்த்ததும் சனத்துக்கு ஆள் விளங்க வேண்டும்” என்றார் உடைகளுக்குப் பொறுப்பாக வந்தவர்.

அங்கேதான் சிக்கல். அந்தத் துணிக்குப் பால்மோரல் என்று பெயர். கறுப்பும் வெள்ளையும் முறுக்கிய நூலில் கருங்கல்போல ஒரு சாம்பல், அதன் மேல் கறுப்புப் பட்டையும் சிவப்புக் கோடும். அரச குடும்பத்தவரும், அரசிக்கு முன்னால் குழல் வாசிப்பவரும்தான் உடுத்தலாம். வேறு யாரும் உடுத்துவதில்லை. மோராக்குக்குப் பழக்கமான நெசவாலைகளைக் கேட்டுப் பார்த்தார்கள். அரண்மனையின் ஒப்புதல் இல்லாமல் ஒரு முழமும் நெய்ய மாட்டோம் என்று எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்.

கனடியப் பிரசையானபோது அந்த அரசிக்குத்தான் கையை உயர்த்திச் சத்தியம் செய்தேன். இப்போது அவவின் வீட்டுத் துணியைத் திருட்டுத்தனமாகத் தைக்கப் போகிறேனா? வீட்டில் சொன்னேன். “உங்களுக்குக் கவலைப்பட ஒண்டும் இல்லாட்டி, ஏன் இல்லையெண்டு கவலைப்படுவியள்” என்றா மனைவி. ஆனாலும் அடுத்த நாள் மோராக்கிடம் கேட்டேவிட்டேன்: “பொலிஸ் வருமா?”

அவர் குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். நீளமாகப் பேசப் போகிறார் என்றால் அப்படித்தான் செய்வார். என் பெயரைச் சுருக்கி ஷிவ் என்றுதான் கூப்பிடுவார்.

“பொலிஸ் வராது, ஷிவ். இது மரியாதை. வீட்டுக் கதவு திறந்து கிடக்கிறது என்பதற்காக உள்ளே போய்க் கட்டிலில் படுப்பாயா?”

“பிஸ்கட் தகரத்தில் ஒரு சிவப்புக் கட்டம் இருக்கிறதே? அதுவும் ராசாவின் கட்டம் என்றுதானே சொல்கிறார்கள்?”

“அதுதான். அதற்கும் கேட்டுத்தான் உடுத்த வேண்டும் என்பார்கள். நாய்க்குட்டிச் சட்டை வரைக்கும் போய்விட்டது. அதைக் காப்பாற்ற ஆளில்லை. இந்தச் சாம்பலை இன்னும் எல்லோரும் சேர்ந்து காப்பாற்றுகிறார்கள். நான் முதல் ஆளாக உடைக்கப் போவதில்லை.”

எனக்குத் தெரிந்த தடைசெய்த துணி வேறு. எங்கள் ஊரில் ஒரு காலம் கடும்பச்சைத் துணி கையில் இருந்தாலே ஆபத்து; இயக்கத்துக்குச் சீருடை தைக்கக் கொண்டு போகிறாய் என்பார்கள். கடை முதலாளிக்காக நான் கொண்டு போன துணிக் கட்டுக்குள் அப்படி ஒரு காற்சட்டைத் துண்டு இருந்தது. சோதனைச் சாவடியில் அதைத் தனியே எடுத்து மேசையில் வைத்தார்கள். “யாருக்கு?” என்ற ஒரு கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். வெயில் சாயும்வரை நின்றேன். அன்றிலிருந்து ஒரு துணியை ‘கூடாது’ என்று யாராவது சொன்னால் என் காதில் முதலில் சப்பாத்துச் சத்தம்தான் கேட்கும். ஒருவரும் வெருட்டாமல், துவக்கு இல்லாமல், வெறும் மரியாதைக்காக ஒரு துணியைத் தொடாமல் இருக்கிறார்கள் என்பது எனக்கு விளங்கக் கனகாலம் எடுத்தது.

மோராக் கடைசியில் ஒரு வழி கண்டார். நகரத்துக்கு வெளியே தனியாக நெய்யும் ஒருவரிடம் புதிதாக ஒரு துணி நெய்வித்தார். கையில் எடுத்துப் பார்ப்பவருக்கு அது அந்தத் துணி இல்லை என்று உடனே தெரிய வேண்டும். கமராவுக்கு மட்டும் தெரியக்கூடாது. இதுதான் அவர் தனக்குப் போட்டுக்கொண்ட விதி.

அதற்காகத்தான் கமரா பரீட்சை வைப்பார்கள். துணித்துண்டுகளை வரிசையாகத் தொங்கவிட்டு, கமராக்காரர் தூரத்தில் நின்று எடுப்பார். நாங்கள் திரையில் பார்ப்போம். நான் அன்றைக்குத்தான் கமராவை நம்பாமல் விட்டேன். மெல்லிய சிவப்புக் கோடு இருபதடிக்கு அப்பால் காணாமலே போனது. சாம்பல் நீலமாகியது. சின்னக் கட்டங்கள் திரையில் புழுப்போல நெளிந்தன. ஆகவே சிவப்புக் கோட்டைத் தடிப்பாக்கி, சாம்பலில் மண் போன்ற கபில நிறம் கலந்து, கட்டத்தைப் பெரிதாக்கினார்கள். கையில் எடுத்தால் போர்வைத் துணி. திரையில் பார்த்தால் ராசா. உண்மைபோலத் தெரிவதற்கு அது அவ்வளவு பிழையாக இருக்க வேண்டியிருந்தது.

அந்த வாரங்களில் ஊரில் என்ன நடந்ததென்று நான் எழுதத் தேவையில்லை. வன்னியில் போருக்குள் அகப்பட்ட சனம் கடற்கரைத் துண்டொன்றுக்குள் ஒடுங்கிக்கொண்டிருந்தது. எங்கள் ஆட்கள் ரொறன்ரோ நடுநகரத் தெருக்களில் கைகோத்து நின்றார்கள். வேலை முடிந்ததும் நானும் போய் நிற்பேன். அங்கே நிற்கும்போது வேலை போய்விடுமோ என்று பயம், மேசையில் இருக்கும்போது அங்கே நிற்கவில்லையே என்று குற்ற உணர்வு.

யோகமக்கா, வோபர்ன் பகுதியில் நாங்கள் இருந்த மாடிக்கட்டடத்தில் எங்களுக்கு நேர் கீழ்வீடு. பாண் சுடும் தொழிற்சாலையில் பொதி செய்யும் வேலை. மகன் ரூபன் வன்னியில். குளிர்காலத்தில் ஒருமுறை தொலைபேசியில் கதைத்தவன், பிறகு சத்தமில்லை. ஒரு சனிக்கிழமை காலை அக்கா எங்கள் கதவைத் தட்டினா. கையில் தங்கையின் மகனுடைய மடிக்கணினி.

“தம்பி, உமக்குக் கட்டம் தெரியுமெல்லே. இதை ஒருக்காப் பாரும்.”

இணையத்தில் வந்த ஒரு துண்டு. தூரத்திலிருந்து எடுத்தது. சனம் இடுப்பளவு தண்ணீருக்குள்ளால் வந்து கரையேறுகிறது. நடுவில் ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு நடக்கிறான். சாரத்தை மடித்துக் கட்டியிருக்கிறான். முதுகில் ஒரு கிழவியைச் சுமக்கிறான். நாலைந்து நொடிதான். முகம் ஒருக்காலும் திரும்பவில்லை.

“இது ரூபன்தான். நடையைப் பாரும்” என்றா அக்கா. “சாரத்தைப் பாரும். நான் சமாதான நேரம் குடுத்துவிட்டது. ஊதாவும் பச்சையும். ஒரே பொதியிலை ரெண்டு இருந்தது. ஒண்டு அவனுக்கு, ஒண்டு இவருக்கு.”

நான் பார்த்தேன். சாம்பலும் கறுப்பும்தான் தெரிந்தது. ஊதாவும் இல்லை, பச்சையும் இல்லை.

“அக்கா, இதிலை எப்பிடிச் சொல்லுறது...”

“நீர்தானே கமராவிலை துணி எப்பிடித் தெரியுமெண்டு படிச்சனீர். ஓமோ இல்லையோ? ஒரு சொல்லுச் சொல்லும். அவன் கரையேறினவனோ இல்லையோ எண்டதுதான் எனக்குத் தெரிய வேணும்.”

அக்காவின் கணவர் இராசண்ணை கதவடியில் நின்றார். அந்த நாட்களில் அவர் தொலைக்காட்சி ஓடும் அறைக்குள் வருவதே இல்லை. கீழே போனார். கொஞ்ச நேரத்தில் காற்சட்டையோடு திரும்பி வந்து, அதுவரை உடுத்திருந்த சாரத்தை மடித்து என் கையில் தந்தார். இன்னும் சூடாயிருந்தது.

திங்கட்கிழமை அதைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். போகும் வழி முழுவதும் பூச்சியைப் பற்றியே நினைத்தேன். பருத்தியைப் பூச்சி தின்னாது, ஆனால் முட்டை ஒட்டியிருந்தால்? மோராக் கண்டால்? காணாமல் விட்டால் கமராவுக்கு முன்னால் எப்படிக் கொண்டு போவது?

படியில் ஏறியதும் கேட்டார். “அந்தப் பையில் என்ன?”

சொன்னேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் கொட்டிச் சொன்னேன். அவர் குண்டூசிகளை எடுக்கவில்லை. பையைப் பிடுங்கிக்கொண்டு வெளிப்படிக்குப் போய், சாரத்தை விரித்து நன்றாக உதறி, ஓரம் ஓரமாகப் பார்த்தார். கொண்டுவந்து ராசாவின் துணித்துண்டுகள் தொங்கிய கம்பியில் கடைசியாகத் தொங்கவிட்டார்.

பின்னேரம் கமராக்காரர் வந்தார். ராசாவின் துண்டுகளை எடுத்து முடித்துவிட்டுச் சாரத்தைப் பார்த்தார். “இது எந்தப் பாத்திரத்துக்கு?”

“தண்ணீரைக் கடக்கும் ஓர் ஆளுக்கு” என்றார் மோராக்.

எடுத்தார். திரையில் ஊதாவும் பச்சையும் நன்றாகத் தெரிந்தன. அப்போ அது ரூபன் இல்லை.

“பொறு. உன்னுடைய ஆள் நனைந்திருக்கிறான்” என்றார் மோராக். வாளியில் தண்ணீர் கொண்டுவந்தார். “கம்பியில் தொங்கும் துணி வேறு, உடம்பில் இருக்கும் துணி வேறு. இது உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.”

அதனால் நான் உடுத்தேன். கட்டடத்தின் பின்வளவில், பனி உருகியும் உருகாமலும் கிடந்த குளிரில், இராசண்ணையின் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றேன். மோராக் வாளியோடு வந்து இடுப்பிலிருந்து கீழே ஊற்றினார். உயிர் போய்வந்தது. படத்தில் இருப்பவன் குனிந்து நடக்கிறான், சுமையில்லாமல் நிமிர்ந்து நடந்தால் துணி வேறு மாதிரி விழும் என்றார். ஆகவே அளவு பார்க்கும் பொம்மை ஒன்றை முதுகில் ஏற்றிவிட்டார். தலையில்லாத பொம்மை. நான் அதைச் சுமந்துகொண்டு குப்பைத்தொட்டிவரை நடந்தேன். மேல்மாடியில் படங்களுக்குத் தொப்பி செய்பவர்கள் யன்னலில் நின்று முதலில் சிரித்தார்கள். யாரோ ஏதோ சொல்லியிருக்க வேண்டும், திரும்பி வரும்போது யன்னலில் ஒருவரும் இல்லை.

மோராக்கிடம் விசயத்தைக் கேட்டறிந்த கமராக்காரர் தான் எடுத்ததைக் கொம்பியூட்டரில் போட்டு, அந்த இணையத் துண்டின் தரத்துக்குக் குறைத்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டார். ஊதா இல்லை. பச்சை இல்லை. சாம்பலும் கறுப்பும்தான். அதே பட்டை, அதே இடத்தில் அதே வெளிச்சக் கோடு.

“அதுதான்! அதேதான்!” என்று கத்திவிட்டேன். ஈரச் சாரத்தோடு நின்று கத்தினேன்.

மோராக் கத்தவில்லை. அலுமாரிக்குப் போய் ஒரு மேசை விரிப்பை எடுத்து வந்தார். சிவப்பும் மஞ்சளும் கட்டம். பார்த்தவர் யாரும் அந்தச் சாரத்தோடு சேர்த்து நினைக்க மாட்டார்.

“இதையும் உடுத்துக்கொள்” என்றார்.

எனக்கு விளங்கிவிட்டது. உடுத்த விருப்பமே இருக்கவில்லை. உடுத்தேன். தண்ணீர், பொம்மை, குப்பைத்தொட்டிவரை நடை. திரையில் பார்த்தோம். சாம்பலும் கறுப்பும். அதே பட்டை.

பிறகு மோராக் சொன்னார்: “இந்த மாதம் முழுவதும் ராசாவுடையது அல்லாத துணியை ராசாவுடையதாகக் காட்டத்தான் நான் பாடுபட்டேன். ஆகவே இந்தத் திரையின் சாட்சி எவ்வளவு பெறும் என்று எனக்குத் தெரியும், ஷிவ். அந்தப் பெண்ணிடம் ஓம் என்று சொல்லாதே. இல்லை என்றும் சொல்லாதே.”

இரயிலிலும் பஸ்ஸிலும் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். ஒரே ஒரு குடும்பம் மட்டும் உடுத்தும் துணி இருக்கிறது. அதைப் பின்னாலிருந்து பார்த்தாலே ஆள் யாரென்று உலகத்துக்குத் தெரிகிறது. எங்களுடைய சாரத்துக்கு யாருடைய ஒப்புதலும் வேண்டாம். மீன்காரனும் வாத்தியாரும் என் மச்சானும் உடுத்தலாம். அதனாலேயே தண்ணீருக்குள் நடந்து போகும் ஒருவனை, பெற்றவளாலும் யாரென்று சொல்ல முடியவில்லை. அதுவரை எல்லோருக்கும் பொதுவான துணி என்பதை நல்ல விசயமாகத்தான் நினைத்திருந்தேன். இப்போதும் நல்ல விசயம்தான். ஆனால் அன்றைக்கு அப்படி நினைக்க முடியவில்லை.

கதவைத் திறந்ததும் அக்கா என் முகத்தைப் பார்த்தா.

“இருக்கலாம் அக்கா. இல்லையெண்டு சொல்ல ஏலாது.”

“ஓமெண்டும் சொல்ல ஏலாதோ?”

“ஏலாது.”

சாரத்தை வாங்கிக்கொண்டா. “என்ன, ஈரமாக் கிடக்கு?”

சொன்னேன். வாளி, பொம்மை, குப்பைத்தொட்டி எல்லாம் சொன்னேன். அக்கா வாயைப் பொத்தினா. அழப்போகிறா என்று நினைத்தேன். சிரித்தா.

“உந்த வண்டி வயித்தோடை ரூபனா நடிச்சனீரே? அவன் ஈர்க்குச்சியெல்லோ!” என்றா. உள்ளே பார்த்து, “இஞ்சேருங்கோ, இந்தத் தம்பி உங்கடை சாரத்தோடை படத்திலை நடிச்சிருக்கு” என்றா. பிறகு சாரத்தைக் குளியலறைக் கம்பியில் காயப் போட்டா. அது காயும்வரை நான் அந்த வீட்டில் இருந்து தேத்தண்ணி குடித்தேன். ரூபன் உயிரோடு இருக்கிறானா என்பதைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை.

மே மாதத்தில், வன்னியில் எல்லாம் முடிந்தது என்று செய்தி வந்தது. அந்த வாரம் நான் ராசாவின் பின்மடிப்பைத் தைத்துக்கொண்டிருந்தேன். அதில் என்னுடைய தையல் சரியாயிருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. மோராக் வந்து நின்று பார்த்தார். கத்தியை வைக்காமல் அடுத்த மேசைக்குப் போனார்.

வெயில் காலத்தில் ஒருநாள் கீழ்வீட்டில் பெரிய சத்தம் கேட்டது. விழுந்தடித்து ஓடினேன். அக்கா தொலைபேசியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிலத்தில் இருந்தா. இராசண்ணை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரூபன் முகாமிலிருந்து யாருடையதோ தொலைபேசியில் பேசியிருக்கிறான். மெலிந்துவிட்டானாம், காலில் காயமாம், ஆனால் இருக்கிறான்.

எனக்கும் அழுகை வந்தது. “அப்ப அது அவன்தான் அக்கா! நீங்கள் சொன்னது சரி!”

அக்கா மறுத்துத் தலையாட்டினா. “இல்லைத் தம்பி. கேட்டனான். அவன் வந்தது வேறை பாதையாலை, கடைசி நாளிலை. காற்சட்டையோடையாம். சாரம் முந்தியே எங்கையோ விடுபட்டுப் போச்சாம். ஒருத்தரையும் அவன் தூக்கேல்லை. அவனைத்தான் ஆரோ தூக்கினதாம்.”

அடுத்த குளிர்காலத்தில் படம் தொலைக்காட்சியில் போனது. கீழ்வீட்டில் எல்லோரும் கூடியிருந்து பார்த்தோம். மச்சானும் மார்க்கத்திலிருந்து வந்திருந்தார். கடைசியில் ராசா புல்வெளியில் முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தார். என்னுடைய மடிப்புகள் ஒவ்வொரு அடிக்கும் விரிந்து மூடின. “முகமே காட்டேல்லை, ஆனா பாத்தோடனை ராசா எண்டு தெரியுது” என்றார் மச்சான். நான் சாரம் மூட்டுகிறவன் என்று அன்றைக்கு அவர் சொல்லவில்லை. எனக்கு உள்ளுக்குள் சந்தோசம்தான்.

எல்லோரும் போன பிறகு அக்கா என்னை நிற்கச் சொன்னா.

“தம்பி, நாளைக்கு என்னை விட்பிக்கு ஒருக்காக் கொண்டுபோய் விடுவீரோ? அங்கை ஒரு மனிசிக்கு மோனைப் பற்றி ஒரு தகவலும் இல்லையாம். அவனும் சாரத்தோடைதான் நிண்டவனாம். அந்தப் படத் துண்டைக் காட்ட வேணும்.”

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, ரூபன் பேசிய நாளிலிருந்து அவ அதை விடவே இல்லை என்று. கோயிலில், தொழிற்சாலை வாசலில், இறந்தவருக்கு அந்தியேட்டி செய்யும் வீடுகளில், எத்தனை பேரிடம் காட்டியிருக்கிறா. ஆளைத் தெரியுமோ, ஆரின்ரை பிள்ளை என்று எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறா.

விட்பி அடுத்த நகரம்; எனக்கு நெடுஞ்சாலையில் கார் ஓட்டப் பயம். அதைவிடப் பெரிய பயம் வேறு. “அக்கா, அதிலை ஒண்டும் தெரியாதெண்டு நாங்கள் சோதிச்சுப் பாத்தனாங்கள்தானே. மேசை விரிப்பும் அப்பிடித்தான் தெரிஞ்சது. அந்த மனிசிக்கு வீணா ஆசை காட்டுறதே? பிறகு அவ என்ன செய்வா?”

அக்கா மேசையில் கிடந்த தேத்தண்ணிக் கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினா.

“துணியைப் பாத்து ஆளைச் சொல்ல ஏலாது, சரி. நான் அதைக் கேக்கேல்லை. அந்தப் பிள்ளை தன்ரை உயிரைப் பாக்காமல் ஒரு கிழவியைத் தூக்கிக்கொண்டு வாறான். அது தெரியுதெல்லே? அவனைப் பெத்தவள் எங்கையோ இருக்கிறாள். அவளுக்கு இதை ஒருத்தரும் காட்டேல்லை. எந்தத் தாய் எண்டு எனக்குத் தெரியாது. அதாலை எல்லாத் தாயிட்டையும் போறன்.”

காலை ஒன்பது மணிக்கு வருகிறேன் என்றேன். அக்கா மறுநாள் எட்டு மணிக்கே கீழே வந்து, மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் கிடந்த வாங்குப் பலகையில் காத்திருந்தா.